இடைவேளைக்குப் பிறகு கணினி அறையில் இணையம் இல்லை: 24 கணினிகள், மூன்று கட்டடங்கள், கொழும்பு 13

கணினிமிஸ்_கொழும்பு13 | பெப்ரவரி 9, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். மூன்று வாரமாக ஒரே பிரச்சினை. உங்கள் உதவி வேண்டும்.

இடத்தை முதலில் சொல்கிறேன். முன் கட்டடத்தில் கீழே அலுவலகம், மேலே ஆசிரியர் ஓய்வறை. ஃபைபர் இணைப்பு அலுவலகத்துக்குத்தான் வருகிறது, றவுட்டரும் அங்கேதான். அதிலிருந்து ஒரு கேபிள் நடுக் கட்டடத்திலுள்ள கணினி அறைக்கு, இன்னொன்று மேலே ஓய்வறைக்கு. கணினி அறையில் 24 போர்ட் சுவிச் ஒன்று (எல்லாக் கணினிகளின் கேபிளும் வந்து சேரும் பெட்டி). கேபிள் இழுக்க வசதியில்லாததால் கடைசி வரிசை நான்கு கணினிகளுக்கு மட்டும் மேசைக்குக் கீழே 5 போர்ட் சின்னச் சுவிச் வைத்திருக்கிறோம். கணினி அறையிலிருந்து ஒரு கேபிள் மைதானத்து மதில் வழியாக நூலகத்துக்குப் போகிறது.

காலை 7.40க்கு முதல் பாடவேளையில் அநேகமாக எல்லாம் நன்றாக ஓடும். 10.30 இடைவேளைக்கு, அறை சூடாகிவிடும் என்று கணினிகளை நிறுத்துவோம். 10.50க்குத் திரும்பப் போட்டால் பாதிக்கு மேல் இணையம் இருக்கும், மற்றவைக்கு இருக்காது. என்னுடைய கணினியை நிறுத்துவதில்லை, அது ஒருநாளும் அறுந்ததில்லை. பள்ளி விட்டபின் றவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டால் அடுத்த நாள் காலை சரி. ஆனால் 10.50க்குத் திரும்ப அதே கதை.

இணைய நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து றவுட்டரை மாற்றித் தந்தார். மாற்றமில்லை. பெரிய பொதிக்கு மாறச் சொன்னார். பழைய மாணவர் சங்கம் ஒரு தொகை தர முன்வந்திருக்கிறது, அதிபர் வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் கேட்கிறார். பெரிய பொதியா, புதுச் சுவிச்சா, எதை எழுதுவது?

மின்னல்_வேகம் | பெப்ரவரி 9, இரவு 9.05

மிஸ், 24 கணினி, ஆசிரியர்மாரின் போன்கள், நூலகம் எல்லாம் ஒரே இணைப்பில் என்றால் நெரிசல்தான். 300 மெகாபிட் பொதிக்கு மாறுங்க, கூடவே புது வைஃபை 6 றவுட்டர் ஒன்று வாங்குங்க. எங்கள் கந்தோரில் அப்படித்தான் தீர்ந்தது.

தெஹிவளை_லேப்சேர் | பெப்ரவரி 9, இரவு 9.48

மிஸ், பட்டியலுக்கு அதிபரிடம் இரண்டு வாரம் தவணை கேளுங்கள். இப்போது எதை வாங்கினாலும் பழுது அப்படியே இருக்கும், காசுதான் போகும்.

நெரிசல் என்றால் எல்லாக் கணினியும் சேர்ந்து மெதுவாகும். உங்கள் அறையில் சிலது முழு வேகத்தில் ஓடுகிறது, சிலதுக்கு அறவே இல்லை, நிறுத்தாத கணினி பிழைத்துக்கொள்கிறது. இணைய வேகம் இப்படி ஆள் பார்த்து நடக்காது. கணினிகள் போடும்போது வாங்கும் முகவரியில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

நாளை 10.50க்கு ஒரு வேலை செய்யுங்கள். றவுட்டரைத் தொட வேண்டாம். ஒவ்வொரு கணினியிலும் கறுப்புத் திரையைத் திறந்து "ஐபிகான்ஃபிக் /ஆல்" கட்டளையைக் கொடுத்து மூன்று வரியை எழுதச் சொல்லுங்கள்: ஐபி முகவரி (கணினிக்குக் கிடைத்த எண்), கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஎச்சிபி சேர்வர் (அந்த எண்ணைப் பங்கிட்டவர்). பக்கத்தில் மேசை இலக்கம். 24 வரிகள். அதைக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று: அலுவலகத்திலும் உங்கள் கணினியிலும் இணைய வேகத்தை அளந்து எழுதுங்கள். கேபிளில் அளக்க வேண்டும், வைஃபையில் அல்ல.

கணினிமிஸ்_கொழும்பு13 | பெப்ரவரி 10, மாலை 4.15

சேர், தரம் 11 பிள்ளைகளிடமே தாளைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் எழுதி முடித்தார்கள்.

13 கணினிகள்: 192.168.1 வரிசை, கேட்வே 192.168.1.1. இணையம் இருக்கிறது.
7 கணினிகள்: 192.168.0 வரிசை, கேட்வே 192.168.0.1. இணையம் இல்லை.
4 கணினிகள்: 169.254 என்று தொடங்கும் எண், கேட்வே வெறுமை. நான்கும் கடைசி வரிசை.

எங்கள் பொதி 100 மெகாபிட். அலுவலகத்தில் 93 காட்டியது, காலையில் என் கணினியில் 91. எங்கள் றவுட்டர் 192.168.1.1 என்பது நிச்சயம். இந்த 192.168.0.1 யார் என்றே தெரியவில்லை. இணைய நிறுவனத்துக்காரர் தந்த பெட்டி ஒன்றுதான் இருக்கிறது.

தெஹிவளை_லேப்சேர் | பெப்ரவரி 10, மாலை 6.30

நல்ல வேலை மிஸ். ஒரே தாளில் இரண்டு பழுது தெரிகிறது. 91 காட்டுகிறபோது பெரிய பொதி என்ற பேச்சை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

முதலாவது, உங்கள் பாடசாலையில் முகவரி பங்கிடுபவர் இரண்டு பேர் இருக்கிறார்கள். கணினி விழித்ததும் "எனக்கு ஒரு எண் தாருங்கள்" என்று கேபிளில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிடும். பதில் முதலில் வருகிறவரிடம் வாங்கிக்கொள்ளும். உங்கள் உண்மையான றவுட்டர் முந்தினால் 192.168.1 வரிசை. மற்றவர் முந்தினால் 192.168.0 வரிசை, கேட்வேயும் அவரே. அவருக்கு வெளியே போக வழியில்லை, ஆகவே அந்த ஏழு பிள்ளைகளுக்கும் இணையம் இல்லை. யாரோ வீட்டு வைஃபை றவுட்டர் ஒன்றைச் சுவர்ப் போர்ட்டில் செருகியிருக்கிறார்கள். பாடசாலைகளில் நான் கண்ட பழுதுகளில் அதிகம் இதுதான்.

பிடிக்கிற வழி: 192.168.0 வரிசை வாங்கிய கணினி ஒன்றில் 192.168.0.1க்கு நிற்காத பிங் ("இருக்கிறீர்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கட்டளை) ஓட விடுங்கள். ஒரு பிள்ளை திரையைப் பார்க்கட்டும். நீங்கள் சுவிச்சிலும் அலுவலக றவுட்டரிலும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது பதில் நிற்கிறதோ அந்தக் கேபிளின் மறுமுனையில் ஆள் இருக்கிறார். கணினி அறைக்கு வரும் கேபிளை மட்டும் கழற்றாதீர்கள், கேள்வி கேட்கும் கணினியே துண்டாகிவிடும். பிறகு "ஆர்ப் -ஏ" கட்டளையைக் கொடுத்தால் அவருடைய மாக் முகவரி (கருவிக்கே உரிய எண்) தெரியும், அது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒத்துவரும். கடைசி இலக்கம் ஒன்றிரண்டு வித்தியாசப்படலாம்.

இரண்டாவது, 169.254. இது யாரும் கொடுத்த எண் அல்ல. கூப்பிட்டும் பதில் வராதபோது விண்டோஸ் தானே போட்டுக்கொள்வது. ஒன்றுக்கு இரண்டு பேர் பங்கிட இருந்தும் அந்த நான்குக்கும் ஒருவர் குரலும் கேட்கவில்லை. அது கேபிள் பழுது. வயரிங் செய்யும் வெள்ளவத்தைத் தம்பி வந்து பார்க்கட்டும், அது அவர் துறை.

மட்டக்குளி_இளவல் | பெப்ரவரி 10, இரவு 7.55

சேர், நான் உயர்தரத்துக்கு இந்தப் பாடம் எடுத்திருக்கிறேன், ஒரு சந்தேகம். காலை 7.40க்கு வாங்கிய முகவரிக்கு 24 மணி நேரத் தவணை இருக்கும்தானே? பிறகு ஏன் 10.50க்கு மறுபடி கேட்கிறது? ஏன் மிஸ்ஸின் கணினிக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை?

தெஹிவளை_லேப்சேர் | பெப்ரவரி 10, இரவு 8.20

நல்ல கேள்வி தம்பி. தவணை மிச்சமிருந்தாலும், நிறுத்திப் போட்ட கணினி "காலை தந்த எண்ணையே வைத்திருக்கலாமா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி உறுதி கேட்கும். உண்மையானவர் "ஆம்" என்பார். மற்றவருக்கு அந்த வரிசையே தெரியாது, ஆகவே "இல்லை" என்பார். "இல்லை" முந்தினால் கணினி பழைய எண்ணை வீசிவிட்டுப் புதிதாகக் கேட்கத் தொடங்கும்.

நிறுத்தாத கணினி தவணை பாதி முடிந்ததும் புதுப்பிக்கும், அதுவும் எண் தந்தவரிடம் நேரே போய்க் கேட்கும். இடையில் வேறு யாரும் வாய் வைக்க வழியில்லை. மிஸ்ஸின் கணினி தப்பியது அதனால்தான்.

வெள்ளவத்தை_வயரிங் | பெப்ரவரி 10, இரவு 10.10

வணக்கம் மிஸ். கடைசி வரிசை நாலுக்கும் பொதுவா இருக்கிறது அந்தச் சின்னச் சுவிச்சுக்கு வாற கேபிள். லைட் எரியுதோ? எரியும், அதுதான் ஆக்களை ஏமாத்திறது. கேபிள் ரெஸ்ரர் வைச்சுப் பார்த்தாலும் எட்டு லைட்டும் ஒழுங்கா வரும் எண்டு நினைக்கிறன்.

இரண்டு பக்கப் பிளக்கையும் கண்ணாடிக்குள்ளால பாருங்கோ. நிற வரிசை இப்பிடி இருக்கவேணும்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடிக்கு நடுவில நீலச் சோடி இருக்கிறதைக் கவனியுங்கோ. அனுபவமில்லாத ஆக்கள் வடிவா இருக்கும் எண்டு சோடி சோடியா அடுக்கி அடிச்சுப் போடுவினம்: செம்மஞ்சள் இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, மண்ணிறம் இரண்டு. இரண்டு முனையும் ஒரே மாதிரி எண்டபடியால் ரெஸ்ரர் "சரி" எண்டும்.

ஆனால் வரிசையில 3ஆவதும் 6ஆவதும் ஒரே சோடியில முறுக்கின வயரா இருக்கவேணும். முறுக்குத்தான் வெளி இரைச்சலை அழிக்கிறது. 3 பச்சைச் சோடியிலயும் 6 நீலச் சோடியிலயும் போனால் பக்கத்து வயரின்ர சத்தம் எல்லாம் உள்ளுக்க வரும். லைட் எரியும், பக்கெட் (தரவுத் துண்டு) சாகும். வெட்டிப் போட்டு ஒழுங்கா அடியுங்கோ, ஒரு பிளக் காசுதான்.

கணினிமிஸ்_கொழும்பு13 | பெப்ரவரி 12, மாலை 5.02

இரண்டும் கிடைத்துவிட்டன. எழுதும்போதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இன்று 10.55க்கு ஒரு மாணவி கணினி அறையில் பிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி வராந்தாவில் நின்று கை காட்ட, நான் அலுவலகத்தில் கேபிள் கழற்றினேன். ஓய்வறைக் கேபிளைக் கழற்றியதும் "நின்றுவிட்டது மிஸ்!" என்று சத்தம். மேலே போனால் தேநீர் மேசைக்குப் பின்னால், ஜன்னல் திரைக்குள் ஒரு பழைய வீட்டு றவுட்டர். மாக் முகவரி பொருந்தியது.

10.30 ஏன் என்பதும் விளங்கியது. அந்த றவுட்டரும் கேத்தலும் ஒரே மல்ட்டி பிளக்கில் இருக்கின்றன. இடைவேளைக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க யாராவது ஆளியைப் போடுவார்கள், றவுட்டரும் கூடவே எழும்பும். பள்ளி விட்டதும் பாதுகாப்புக்காக ஆளியை நிறுத்திவிட்டுப் போவார்கள். நாங்கள் அலுவலக றவுட்டரை நிறுத்திப் போட்டதும் அதே நேரம்தான். அடுத்த நாள் காலை சரியானதற்குக் காரணம் எங்கள் வைத்தியம் என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் எங்கள் மூத்த ஆசிரியை ஒருவர். மேலே வைஃபை எடுக்கவில்லை என்று மற்றவர்களுக்காகத் தன் வீட்டிலிருந்ததைத் தந்திருக்கிறார். அவர் மனம் நோகக் கூடாது, ஆகவே அதைத் தூக்கி எறியாமல் பயன்படுத்த வழியுண்டா?

கடைசி வரிசைக் கேபிள் அண்ணா சொன்னது போலவே சோடி சோடியாக அடிக்கப்பட்டிருந்தது. என் கையாலேயே வெட்டி அடித்தேன், இரண்டாவது முயற்சியில் சரியாக வந்தது. நான்கும் இப்போது 192.168.1 வரிசையில்.

வெள்ளவத்தை_வயரிங் | பெப்ரவரி 12, மாலை 6.40

தாராளமாப் பாவிக்கலாம் மிஸ். ஒரு கணினியை அதோட நேரே இணைச்சு, அதின்ர டிஎச்சிபியை நிறுத்துங்கோ. அதின்ர முகவரியை 192.168.1.250 எண்டு மாத்துங்கோ, பெரிய றவுட்டர் பங்கிடுற எல்லைக்கு வெளியால இருக்கவேணும். சுவர்க் கேபிளை "வான்" எண்ட (இணையம் உள்ளுக்க வாற) போர்ட்டில போடாமல் மற்ற நாலில ஒண்டில போடுங்கோ. அவ்வளவுதான், அது இப்ப வெறும் வைஃபை பெட்டி. கேத்தலோட ஒரே மல்ட்டி பிளக்கில மட்டும் வேண்டாம். கேத்தல் 2,000 வாட் அளவில இழுக்கிற சாமான்.

மின்னல்_வேகம் | பெப்ரவரி 12, இரவு 7.15

நான் சொன்னது பிழை மிஸ், பொதியை மாற்றியிருந்தால் காசு வீண். சேருக்கு நன்றி. அப்படியென்றால் பழைய மாணவர் சங்கத்தின் காசை என்ன செய்யப் போகிறீர்கள்?

கணினிமிஸ்_கொழும்பு13 | பெப்ரவரி 13, இரவு 9.20

அதைத்தான் கேட்க வந்தேன். அதிபர் மாத முடிவுவரை தவணை தந்தார். நிலைமையைச் சொல்கிறேன்.

அளவுநாடாவோடு பிள்ளைகள் நடந்து அளந்தார்கள். அலுவலகத்திலிருந்து கணினி அறை 74 மீற்றர். கணினி அறையிலிருந்து நூலகம் 58. கூட்டினால் 132, நூறு மீற்றருக்கு மேல் போகக் கூடாது என்று பாடத்தில் படிப்பிக்கிறோமே, அது பிழையா? போன ஒக்ரோபரில் ஒரு பின்னேரம் இடி விழுந்தபோது நூலகக் கணினியின் நெட்வேர்க் போர்ட்டும் சுவிச்சின் ஒரு போர்ட்டும் செத்துப்போயின. பெரிய சுவிச் 100 வேகத்துப் பழையது. கணினிகளின் புரொசசர் நான்காம் தலைமுறை, விண்டோஸ் 10. அலுவலகத்தில் மாணவர் பதிவுகள் இருக்கும் கணினியும் பிள்ளைகளின் கணினிகளும் ஒரே வலையமைப்பில் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு விடயம். அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் வரலாம். நான் போனபிறகு வருகிற ஆசிரியர் இதைக் கையாள வேண்டும். எனக்கு முன்பு இருந்தவர் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு துண்டுத் தாள்கூட வைத்துவிட்டுப் போகவில்லை. அதனால்தான் மூன்று வாரம் போனது. அடுத்தவருக்கு அப்படி நடக்கக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம்.

தெஹிவளை_லேப்சேர் | பெப்ரவரி 14, காலை 8.10

நூறு மீற்றர் என்பது செம்புக் கேபிளில் இரண்டு கருவிகளுக்கு இடையிலான தூரம். நடுவில் சுவிச் இருந்தால் அங்கிருந்து புதிதாக எண்ணலாம். ஆகவே 74ம் 58ம் தனித்தனியே சரி. இரு முனைத் துண்டு வயர்களையும் சேர்த்து எண்ண மறக்க வேண்டாம்.

வேகத்தைக் கணக்குப் பார்ப்போம். யூடியூப் 720 தர வீடியோவுக்கு 2.5 மெகாபிட் போதும். 24 கணினியிலும் ஒரே நேரம் ஓடினால் 60. உங்கள் 100 தாங்கும். ஆனால் பழைய சுவிச் 100ஐத் தாண்டாது என்பதால் நாளை பெரிய பொதி எடுத்தாலும் அறைக்குள் வராது. சுவிச்சை மாற்றுவது நியாயம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. நான்காம் தலைமுறைக் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. அது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. 24 புதுக் கணினி வாங்க இந்தக் காசு போதாது. எஸ்எஸ்டி போட்டு, நினைவகத்தை 8 ஜிபி ஆக்கி, முதலில் ஆறு கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பைதன் பாடத்துக்கு எந்தக் குறையும் வராது. பழகியபின் மற்றவை.

கேபிள்நானா_புறக்கோட்டை | பெப்ரவரி 14, முற்பகல் 11.30

மிஸ், முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் நமக்குக் கேபிள் வியாபாரம். வாங்குறதப் பத்தி ஒரு விஷயம் சொல்றேன், நம்ம கடைக்கே வரணும்னு இல்ல.

விலை குறைஞ்ச பெட்டியெல்லாம் அநேகமா சிசிஏ. அலுமினியம் வயருக்கு மேல செம்புப் பூச்சு. பெட்டியில கேட் 6 என்னு பெருசா போட்டிருக்கும். கத்தியால நுனியச் சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா வாங்க வேணாம். 305 மீற்றர் பெட்டியத் தூக்கினாலே தெரியும், முழுச் செம்பு நல்ல கனம். சிசிஏ ரெண்டு தரம் வளைச்சா முறியும். கேபிள் வழியாவே கரண்ட் குடுக்குற வைஃபை பெட்டிக்குப் போட்டா தடை கூடி வயர் சூடாகும், பெட்டி அணைஞ்சு அணைஞ்சு எரியும்.

அடுத்தது, நீங்க இருக்கிறது கடல் காத்து, துறைமுகக் காத்துப் பக்கம். மலிவான பிளக்ல தங்கப் பூச்சு பேருக்குத்தான் இருக்கும், கொஞ்ச நாள்ல பச்சை பிடிக்கும். பிளக்கும் சுவர்ப் பெட்டியும் நல்லதா எடுங்க. விலை கேக்கும்போது "முழுச் செம்பு" என்னு விலைமனுவுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தர யோசிக்கிறவர்கிட்ட எடுக்க வேணாம்.

மட்டக்குளி_இளவல் | பெப்ரவரி 14, பிற்பகல் 2.05

நூலகத்துக்குக் கேபிளே இல்லாமல், இரண்டு கூரையிலும் ஒவ்வொரு வைஃபை பாலம் வைக்கலாமே? 58 மீற்றர்தானே, மைதானம் வெளியாக இருக்கிறது. ஒரு நாள் வேலை.

வெள்ளவத்தை_வயரிங் | பெப்ரவரி 14, இரவு 9.35

வைக்கலாம் தம்பி, வேலை செய்யும். ஆனால் கூரையில இரும்புக் கம்பத்தில வைச்ச பெட்டியிலிருந்து செம்புக் கேபிள்தானே உள்ளுக்க இறங்கப் போகுது? இடிக்கு நாங்களே வழி வைக்கிற மாதிரி. கொழும்பில மார்ச், ஏப்ரலிலயும் ஒக்ரோபர், நவம்பரிலயும் பின்னேரங்களில இடி எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும். நேரே விழவும் தேவையில்லை. பக்கத்தில விழுந்தாலே இரண்டு கட்டடத்துக்கும் நடுவில இருக்கிற நீளச் செம்பில மின்னழுத்தம் பாயும். மிஸ்ஸின்ர நூலகப் போர்ட் செத்தது அப்பிடித்தான்.

என்ர சொல் இது: கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில செம்பு வேண்டாம், ஃபைபர். கண்ணாடி மின்சாரம் கடத்தாது. வீட்டு ஃபைபர் இணைப்புக்குப் பாவிக்கிற வெளிக் கேபிள், சிங்கிள் மோட், இரண்டு இழை, முனை அடிச்சே வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்தக் கேபிளோட தாங்குறதுக்கு ஒரு உருக்குக் கம்பி ஒட்டி வரும். அதைச் சுவருக்கு வெளியிலயே கொளுவி வெட்டிப் போட்டு ஃபைபரை மட்டும் உள்ளுக்க எடுங்கோ. கம்பியையும் உள்ளுக்க கொண்டு போனால் ஃபைபர் போட்டுப் பிரயோசனமில்லை. பிவிசி குழாய்க்குள்ளால விடுங்கோ, அணில் கடிக்கும்.

சுவிச் வாங்கேக்க மனேஜ்ட் வகை (உள்ளுக்க போய் நாங்களே அமைப்பை மாத்தலாம்), ஃபைபர் போடுற எஸ்எஃப்பி போர்ட் இரண்டு இருக்கிறது. அதில டிஎச்சிபி ஸ்னூப்பிங் எண்டு ஒரு வசதி இருக்கும். உண்மையான றவுட்டர் இருக்கிற போர்ட்டை மட்டும் நம்பு எண்டு சொல்லிவிட்டால், வேற எந்தப் போர்ட்டிலயிருந்து யார் முகவரி பங்கிட்டாலும் சுவிச் அதைக் கடத்தாது. நாளைக்கு இன்னொருவர் நல்ல மனசோட ஒரு பெட்டி கொண்டுவந்து செருகினாலும் பிள்ளையளின்ர பாடம் நிக்காது. லூப் பாதுகாப்பையும் போடுங்கோ. ஒரே கேபிளின்ர இரண்டு முனையையும் ஒரே சுவிச்சில செருகினால் முழு வலையமைப்பும் விழும், பிள்ளையள் கட்டாயம் ஒருநாள் செய்வினம்.

தெஹிவளை_லேப்சேர் | பெப்ரவரி 15, காலை 7.50

வெள்ளவத்தைத் தம்பி சொன்ன மனேஜ்ட் சுவிச்சில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. கடவுச்சொல்லோடு ஆள் போய்விட்டால் அந்தச் சுவிச் பூட்டிய பெட்டி. மிஸ் இடமாற்றத்தைப் பற்றிச் சொன்னது அதே கவலைதான். ஆனால் அலுவலகத்தைப் பிரிக்க வேறு வழியில்லை. மாணவர் விபரங்கள் தனிப்பட்ட தரவுகள், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே பிரியுங்கள், ஆனால் நான்கு பிரிவுக்கு மேல் போக வேண்டாம்.

அலுவலகம் 10.13.10, கணினி அறை 10.13.20, ஆசிரியர் வைஃபை 10.13.30, நூலகம் 10.13.40. 13 உங்கள் கொழும்பு 13, ஞாபகம் வைக்கச் சுகம். மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் எந்த இடத்துக் கணினி என்று சொல்லிவிடலாம். 192.168.0, 192.168.1 இரண்டையும் விட்டுவிடுங்கள். வீட்டுப் பெட்டிகள் அநேகம் அந்த எண்ணோடுதான் வரும், மோதும். நான்கையும் தனித்தனியே வைத்திருக்க இணைய நிறுவனத்தின் பெட்டி போதாது. அதற்குப் பின்னால் விலான் (ஒரே கேபிளில் தனித்தனி வலையமைப்புகள்) தெரிந்த சிறிய றவுட்டர் ஒன்றையும் பட்டியலில் சேருங்கள்.

வரைபடத்தை உயர்தரப் பிள்ளைகளைக் கொண்டு வரையுங்கள். ஐபி முகவரியும் உபவலையமைப்பும் அவர்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. தாளில் கணக்குப் போட்டதைச் சுவரில் தொட்டுப் பார்க்கட்டும்.

மின்னல்_வேகம் | பெப்ரவரி 15, முற்பகல் 10.20

யூபிஎஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறக்க முடியாது.

வெள்ளவத்தை_வயரிங் | பெப்ரவரி 15, பிற்பகல் 1.00

24 கணினிக்கும் யூபிஎஸ் போட வெளிக்கிட்டால் காசு முழுக்க பற்றரிக்குப் போகும். அலுவலகத்தில ஃபைபர் பெட்டி, றவுட்டர், சுவிச் எல்லாம் சேர்த்து 40 வாட் அளவு. 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பற்றரி உள்ள சின்ன யூபிஎஸ்சில 84 வாட் மணி இருக்கு, இழப்புப் போக ஒரு மணித்தியாலம் எதிர்பார்க்கலாம். கறண்ட் போய் வாற அடியிலிருந்து சாமானைக் காப்பாத்த அது போதும். பற்றரி போட்ட திகதியை மேல எழுதுங்கோ, எங்கட சூட்டுக்கு மூண்டு வருசம் தாங்கினால் பெரிய விசயம்.

கணினிமிஸ்_கொழும்பு13 | மே 5, இரவு 8.05

நீண்ட நாள் எழுதவில்லை, மன்னியுங்கள். சித்திரைப் புதுவருட விடுமுறைக்கு முன்னும் பின்னுமாக வேலை முடிந்தது.

வாங்கியவை: மனேஜ்ட் சுவிச் இரண்டு, சிறிய றவுட்டர் ஒன்று, இரண்டு நீளத்துக்கும் ஃபைபர், நூலகத்துக்கு ஃபைபரைச் செம்பாக மாற்றும் சின்னப் பெட்டி, ஒரு யூபிஎஸ், ஒரு பெட்டி கேட் 6, ஆறு கணினிகளுக்கு எஸ்எஸ்டியும் நினைவகமும். அபிவிருத்திச் சங்கம் மூன்று விலைமனு கேட்டது. நானா சொன்னபடி "முழுச் செம்பு" என்று எழுதச் சொன்னேன், ஒருவர் எழுதித் தரவில்லை. மற்ற இருவரில் குறைந்தவரிடம் எடுத்தோம். பெட்டியைத் திறந்ததும் கடைக்காரர் முன்னாலேயே சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் செம்புதான்.

கணினி அறைக்கு முகவரி மாற்றிய அன்று ஒரு தவறு நடந்தது. ஸ்னூப்பிங்கைப் போட்டேன், ஆனால் ஃபைபர் போர்ட்டை நம்பும் போர்ட்டாகக் குறிக்கவில்லை. 24 கணினிக்கும் 169.254. ஒரு நிமிடம் கை நடுங்கியது, பிறகு எண்ணைப் பார்த்ததும் "யார் குரலும் கேட்கவில்லை" என்று சேர் எழுதியது ஞாபகம் வந்தது. போர்ட்டைக் குறித்தேன், எல்லாம் எழும்பின. பெப்ரவரியில் இது நடந்திருந்தால் இணைய நிறுவனத்துக்குப் போன் எடுத்திருப்பேன்.

மூத்த ஆசிரியையின் றவுட்டர் ஓய்வறையில் வைஃபை பெட்டியாக இருக்கிறது, கேத்தலுக்கு வேறு பிளக். அவரிடம் நடந்ததை விளக்கிச் சொன்னேன். "எனக்கும் அந்தத் தாளைக் காட்டுங்கோ" என்று 24 வரித் தாளை வாங்கி வாசித்தார்.

உயர்தரப் பிள்ளைகள் ஐந்து பேர் வரைபடம் வரைந்தார்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே இலக்கம்: அ என்றால் அலுவலகம், க கணினி அறை, ஓ ஓய்வறை, நூ நூலகம். கடைசி வரிசைச் சின்னச் சுவிச் இப்போது இல்லை, நான்குக்கும் நேர்க் கேபிள் க-21இலிருந்து க-24வரை. வரைபடத்தை லமினேற் செய்து சுவிச் பெட்டியின் கதவுக்கு உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். கடவுச்சொற்கள் உறையிலிட்டு அதிபரின் அலுமாரியில். பழைய 24 வரித் தாளையும் அதோடு வைத்தேன், எந்த எண் வந்தால் என்ன அர்த்தம் என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு பின்னேரம் கடும் இடி. அடுத்த நாள் காலை முதல் வேலையாக நூலகத்துக்கு ஓடினேன். ஃபைபர் பெட்டியின் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளவத்தை_வயரிங் | மே 5, இரவு 9.30

சந்தோசம் மிஸ். நூலகத்துச் சுவர்ப் பெட்டி மைதானத்துப் பக்கம் எண்டால் மழைச் சாரல் அடிக்கும். பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சிற சிலிக்கா ஜெல் பை ஒண்டு வைச்சனீங்களோ? குழாய் உள்ளுக்க வாற ஓட்டையையும் அடைக்கவேணும்.

கணினிமிஸ்_கொழும்பு13 | மே 5, இரவு 9.44

ஓட்டையை அடைத்துவிட்டோம் அண்ணா. ஜெல் வைக்கவில்லை. நாளை வைத்து, மாற்ற வேண்டிய திகதியை வரைபடத்தில் நூ-01க்குப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன்.